அரையிறுதி வரைக்கும்

எங்கள் வட்டார நாடுகள் எல்லாம் கலந்துகொள்ளும் அந்தப் பெரிய விளையாட்டுப் போட்டியில், டென்னிசுக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. மூன்றாம் இடத்துக்குத் தனியாக ஆட்டம் வைப்பதில்லை. அரையிறுதியில் தோற்கிற இரண்டு பேருக்கும் வெண்கலம் கொடுத்துவிடுவார்கள். ஆக, அரையிறுதிக்கு வந்துவிட்டாலே பதக்கம் உறுதி. அதை வாங்க அதற்குமேல் செய்ய வேண்டியது ஒன்றுதான். தோற்க வேண்டும்.

நான் தோற்றேன். கோலாலம்பூரில், சொந்த ஊர்க் கூட்டத்துக்கு முன்னால், என் அப்பாவும் அம்மாவும் தம்பியும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது தோற்றேன்.

மூன்றாவது செட்டில் நான் சர்வ் போட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் இறுதி ஆட்டம். எதிரே நின்றவள் என்னைவிட இளையவள். அவள் மனம் ஏற்கெனவே உடைந்துபோனது முகத்தில் தெரிந்தது. நான் வலையை நோக்கி ஏறி வந்ததும் அவள் வேறு வழியில்லாமல் பந்தை என் தலைக்கு மேலே தூக்கிவிட்டாள். உயரமாகப் போன பந்து. கொஞ்சம் பின்னால் நகர்ந்து ஓங்கி அடித்திருக்கலாம். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அப்படிப்பட்ட பந்துகளை அடித்து வளர்ந்த கை இது. அன்றைக்கு அடிக்கவில்லை. வெளியே போய்விடும் என்று விட்டுவிட்டேன். பந்து பின்கோட்டின் மேலேயே விழுந்தது. கோட்டு நடுவர் குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் தரையைப் பார்க்க விரித்துக் காட்டினார். உள்ளே என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு ஒரு கேம்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

ஆட்டம் முடிந்து நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது அம்மா தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். வெறும் ஆறுதல் சிரிப்பு இல்லை அது. தீபாவளிக்கு முந்தின நாள் முறுக்கு நன்றாக வந்துவிட்டால் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. என் வேர்வை முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, "கெடைச்சிருச்சில்ல" என்றாள். அவளுக்கு டென்னிஸ் விளங்காது, ஜெயித்துவிட்டேன் என்று நினைக்கிறாள் போல என்று எண்ணிக்கொண்டேன். திருத்தப் போகவில்லை. திருத்தினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது.

பதக்க மேடையில் என்னோடு வெண்கலம் வாங்கிய இன்னொரு பெண் பதக்கத்தைக் கடித்துக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டாள். என் தோளில் கை போட்டு என்னையும் படத்துக்குள் இழுத்தாள். அவளுக்கு அது உண்மையான சந்தோஷம். அந்தப் படம் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. அதில் நான் வேறொருவருடைய கல்யாணத்தில் மாட்டிக்கொண்டவள் மாதிரி நிற்கிறேன்.

*

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அம்மா காப்பார் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அப்பா அதைவிடக் கொஞ்சம் கூட. அவர் துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றும் பெரிய லோரி ஓட்டுகிறார். தொடக்கப்பள்ளியில் பந்தெறியும் போட்டி ஒன்றில் நான் எறிந்த பந்து வேலியைத் தாண்டி லோங்கானுக்குள், அதுதான் பெரிய சாக்கடைக்குள், விழுந்தது. அதைப் பார்த்த யாரோ ஒருவர் என்னை விளையாட்டுப் பள்ளிக்குப் பரிந்துரை செய்தார். அங்கிருந்து பல்கலைக்கழகம், அங்கிருந்து தொழில்முறை ஆட்டம். வருடத்தில் பாதியை அண்டை நாடுகளின் சின்னச் சின்னப் போட்டிகளில் கழிக்கிறேன். தொலைக்காட்சியில் காட்டாத போட்டிகள். பந்தை நாமே பொறுக்கிக்கொள்ள வேண்டிய போட்டிகள்.

ஒவ்வொரு படியிலும் எங்கள் உறவுக்காரர்கள் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். போதும். பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்தபோது, பொம்பளைப் பிள்ளைக்கு இது போதும் என்றார்கள். பட்டம் வாங்கியபோது, இதுக்குமேல் என்ன, போதும் என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குக் காது சிவக்கும். போதும் என்று என்னிடம் சொன்னவர்களை எல்லாம் நான் தாண்டி வந்திருக்கிறேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அதனால்தான் அப்பா அம்மா இருக்கும் கிள்ளான் அடுக்குமாடியின் வாசலில் கட்டியிருந்த பதாகையைப் பார்த்தபோது திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது. என் பழைய படம். அதில் நான் சிரிக்கிறேன். 'எங்கள் குடியிருப்பின் தங்க மங்கைக்கு வாழ்த்துகள்' என்று போட்டிருந்தது. போட்டி தொடங்கும் முன்பே அச்சடிக்கச் சொல்லிவிட்டார்களாம். தங்க என்ற சொல்லை மட்டும் மாற்றினால் எடுப்பாக இருக்காது என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

கீழ்வீட்டு அங்கிள் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். எங்கள் குடியிருப்பில் விளையாட்டு விளங்கிய ஒரே மனிதர் என்று பெயர் எடுத்தவர். பத்திரிகையை விளையாட்டுச் செய்தி வரும் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பவர்.

"மெடல் மெடல்தான் லா. எந்தக் கலரா இருந்தா என்ன?" என்றார்.

மேல்வீட்டு ஆன்டி பதக்கத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். "தங்கமா இருந்தா என்னைக்காவது அடகுக் கடைக்குப் போயிரும். இதுன்னா வீட்டுலயே கெடக்கும். நல்லதுதான் பாப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். அப்பா, உட்காரும்மா என்பதுபோல் இரண்டு கைகளையும் கீழ்நோக்கி அசைத்தார். கோட்டு நடுவர் காட்டிய அதே சைகை. கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டேன்.

*

நான் தங்குவது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், கடைவீட்டு மாடியில் ஓர் அறை. பயிற்சிக்குப் போக அங்கிருந்துதான் வசதி. தோற்ற பிறகு அந்த அறைக்குத் திரும்பி, பையைக் கதவோரம் வைத்தேன். அதைத் திறக்கவில்லை. உள்ளே ஈரத் துண்டு இருந்தது. இரண்டு நாளில் அறை முழுக்க அந்த வாடை. எழுந்து போய் அதை எடுத்துத் துவைக்கலாம். அவ்வளவுதான் வேலை. ஆனால் பையின் ஜிப்பைத் தொட என்னால் முடியவில்லை. பதக்கத்தை ஒரு காலுறைக்குள் போட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தேன்.

தோல்வி எனக்குப் புதிது இல்லை. டென்னிஸில் ஒரு போட்டியில் ஒருத்தி மட்டும்தான் தோற்காமல் வீட்டுக்குப் போகிறாள். மற்ற எல்லாரும் தோற்றவர்கள். இதை நாங்கள் சின்ன வயதிலேயே பழகிக்கொள்கிறோம். தோற்ற அன்று கோபம், மறுநாள் உடம்பு வலி, அதற்கு மறுநாள் அடுத்த ஊருக்கு விமானச் சீட்டு. இந்த முறை அப்படி நடக்கவில்லை. கோபம் வரவே இல்லை. கண்ணை மூடினால் பந்து மேலே போயிற்று. மேலேயே நின்றது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது இறங்கும்போது கண்ணைத் திறந்துகொண்டேன். பல் துலக்கும்போது, சிவப்பு விளக்கில் சாலை கடக்க நிற்கும்போது, யாராவது என்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போதுகூட இது நடந்தது. ஒருநாள் கிள்ளான் வீட்டுக்குக் கீழே பிள்ளைகள் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். இறகுப்பந்து உயரே எழும்பியது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தெரு முனையில் நான் வழக்கமாகச் சாப்பிடும் வாழையிலைக் கடை ஒன்று உண்டு. அதன் முதலாளி நான் ஆடியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார். சாப்பாட்டுக்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார். அடுத்த முறை தங்கம் வாங்கிட்டு வந்து கொடும்மா, அன்னைக்கு வாங்கிக்கறேன் என்றார். முழு மனதோடுதான் சொன்னார். நான் மறுநாளிலிருந்து இரண்டு தெரு தள்ளி வேறு கடைக்குப் போக ஆரம்பித்தேன். அந்தக் கடையின் ரசம் எனக்குப் பிடிக்காது.

என் பயிற்சியாளர் ஒரு சீனர். அதிகம் பேசாத மனிதர். இரண்டு செய்திகள் அனுப்பியிருந்தார். ஒன்று, அந்தப் புள்ளியின் காணொளித் துண்டு. நாங்கள் எப்போதும் செய்கிற வேலைதான் அது. தோற்ற ஆட்டத்தின் திருப்பத்தை உட்கார்ந்து பார்த்து, காலும் கையும் எங்கே இருந்தன என்று பேசுவோம். பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடு என்று எழுதியிருந்தார். இரண்டாவது செய்தி தாய்லாந்துப் போட்டி பற்றியது. பெயர் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. விலகுவதென்றால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். விலகினால் விலகு, ஆனால் காணொளியைப் பார்க்காமல் விலகாதே என்று மட்டும் சொல்லியிருந்தார்.

விலகுவது என்று நான் ஏறக்குறைய முடிவு செய்திருந்தேன். அந்த ஒரு போட்டியிலிருந்து மட்டும் அல்ல. பல்கலைக்கழகத் தோழி ஒருத்தி ஷா ஆலாமில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை வேலை காலி என்று சொல்லியிருந்தாள். குளிர்சாதன அறை, மாதச் சம்பளம், மதியம் வீடு. விண்ணப்பிக்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். சொன்னபோது எனக்கு வருத்தமாக இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

*

அந்த வாரத்தின் நடுவில் அம்மா கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆடித் திருவிழா, காப்பார் பக்கத்து அம்மன் கோயிலில் பால்குடம், அதனால் இன்றிலிருந்து நான் சைவம் சாப்பிட வேண்டும் என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுநாள் காலை கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன்.

அம்மா அடுப்படியில் இருந்தாள். கையுறைத் தொழிற்சாலையில் அந்த வாரம் அவளுக்குப் பிற்பகல் வேலை. நான் சாமி மேடைக்கு முன்னால் போய் நின்றேன். அம்மன் படத்துக்குக் கீழே, குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில், மஞ்சள் துணியில் சின்ன முடிச்சு ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் எது வேண்டிக்கொண்டாலும் இப்படித்தான். ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து, கேட்பதை வாய்விட்டுச் சொல்லிச் சாமிக்கு முன் வைத்துவிட வேண்டும். கேட்டது கிடைத்ததும் சொன்ன சொல்லை நிறைவேற்றி, முடிச்சை அவிழ்த்துக் காசைக் கோயில் உண்டியலில் போட வேண்டும்.

"இது எனக்கா?" என்று கேட்டேன்.

"வேற யாருக்கு?"

"என்னன்னு வேண்டிக்கிட்ட?"

அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "மெடல் கெடைக்கணும்னு. கெடைச்சா எம்மவ தலையில பால்குடம் எடுப்பான்னு சொன்னேன்."

"தங்க மெடல்னு சொல்லலியா?"

"கீழ்வீட்டு அங்கிள்தான் சொன்னாரு, செமி போயிட்டாலே மெடல் உறுதி, அதுக்கப்புறம் கவலயே இல்லன்னு. அதான், செமி வரைக்கும் கொண்டு போயி விட்டுரு தாயேன்னு கேட்டேன். கொண்டு போயி விட்டுட்டா."

அந்தச் சிரிப்பு எதற்கென்று அப்போது விளங்கியது. தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அம்மா தவறாக ஒன்றும் புரிந்துகொள்ளவில்லை. அவள் கேட்டது கிடைத்துவிட்டது. நான் இறுதி ஆட்டத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது அவளுடைய ஆட்டம் முடிந்து, ஜெயித்து, அவள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

கடவுள் வந்து என் பந்தைக் கோட்டுக்குள் தள்ளுவார் என்றோ வெளியே தள்ளுவார் என்றோ நான் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் அன்று எனக்கு வந்த கோபம் தோற்ற நாளில்கூட வரவில்லை. யாரோ எனக்குத் தெரியாமல் என் பெயரில் பேரம் பேசி, மலிவாக முடித்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. என் சொந்த அம்மா. போதும் என்ற சொல்லை அவள் என்னிடம் சொல்லாமல் சாமியிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

"அதுக்கு மேல கேட்டா என்னம்மா? கேக்கறதுதான கேக்கற, முழுசா கேட்டா என்ன?"

"பேராசன்னு நெனச்சிக்க மாட்டாளா?"

"நான் தினமும் வெயில்ல கெடந்து சாவறது பேராசையா?"

"நான் ஒன்னச் சொல்லல பாப்பா. என்னச் சொன்னேன்."

"தோத்ததுக்கு என்னால பால்குடம் எடுக்க முடியாது."

அம்மா கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. "வாய்விட்டுச் சொல்லிட்டேன். நீ எடுக்கலன்னா நான் பொய் சொன்னவளாயிருவேன். இந்த முடிச்ச அவுக்காம வேற ஒன்னும் கேக்கவும் முடியாது. ஒங்கப்பா முதுகு, ஒன் தம்பி வேல, எல்லாம் வரிசையில நிக்குது."

அப்பாவின் முதுகு லோரி ஓட்டி ஓட்டிக் கெட்டுப்போன முதுகு. தம்பி வேலை தேடிக்கொண்டிருந்தான். இவ்வளவு பேருக்கும் வழியை மறித்துக்கொண்டு என் வெண்கலம் நடுவில் நிற்கிறது என்பது எனக்குத் தெரியாது. வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன்.

*

ரயிலில் அந்த நேரத்துக்குக் கூட்டம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே கிடங்குகளின் கூரைகள், மேம்பாலம், மறுபடி கூரைகள். கோபம் இருக்கும்போதே பார்த்துவிடலாம் என்று கைப்பேசியை எடுத்துப் பயிற்சியாளர் அனுப்பிய துண்டைத் திறந்தேன். தப்பு முழுவதும் பந்தினுடையது என்று காட்டும்படியாக அது இருக்கும் என்ற நினைப்பு எனக்குள் இருந்தது. காற்று, வெயில், கோட்டின் விளிம்பு, ஏதோ ஒன்று.

படம் பின்பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. நான் வலைக்கு ஏறுகிறேன். அவள் பந்தைத் தூக்குகிறாள். பந்து படச்சட்டத்தை விட்டு மேலே போய்விடுகிறது. அது இல்லாத அந்த நேரம் முழுக்கப் படத்தில் நான் மட்டும் இருக்கிறேன். நான் அண்ணாந்து பார்க்கிறேன். அப்புறம் பார்ப்பதை நிறுத்துகிறேன். மட்டையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றுகிறேன். வலையை நோக்கி ஓர் அடி எடுத்து வைக்கிறேன்.

டென்னிஸ் ஆடுகிற யாருக்கும் அதன் அர்த்தம் தெரியும். வலது கை ஆட்டக்காரி ஆட்டத்தின் நடுவில் மட்டையை இடது கைக்கு மாற்ற மாட்டாள். ஆட்டம் முடிந்து வலைக்கு மேலே கை குலுக்கப் போகும்போதுதான் மாற்றுவாள். பந்து இன்னும் கீழே விழவில்லை. நான் கை குலுக்கப் புறப்பட்டுவிட்டேன்.

வெளியே போகும் என்று கணித்துப் பந்தை விட்டுவிட்டேன் என்றுதான் அதுவரைக்கும் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கணிப்புத் தவறுவது எல்லாருக்கும் நடப்பது. இது அது இல்லை. படத்தைப் பின்னால் தள்ளி மறுபடி பார்த்தேன். கை மாறுகிறது. மறுபடி பார்த்தேன். மாறத்தான் செய்கிறது.

அரையிறுதிக்கு முந்தின இரவு எனக்கு ஞாபகம் வந்தது. காலிறுதியில் ஜெயித்ததும் கைப்பேசியில் வாழ்த்துகள் குவிந்தன. பதக்கம் உறுதி என்றுதான் எல்லாரும் எழுதியிருந்தார்கள். நான் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி, இதயப் படம் போட்டுப் பதில் அனுப்பினேன். அப்புறம் படுத்தேன். முக்கியமான ஆட்டத்துக்கு முன்னால் எனக்குத் தூக்கம் வராது. பயிற்சியாளருக்கும் அது தெரியும். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். பல வருடங்களில் அப்படித் தூங்கியதில்லை.

ரயில் கோலாலம்பூர் வந்து சேர்ந்தது. இறங்கி நடைமேடையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கோபம் போய்விட்டது. கோபம் இருந்தவரைக்கும் பரவாயில்லை என்று இருந்தது. அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டு சொன்னதற்கும், நான் ஆயிரம் பேருக்கு முன்னால் கையை மாற்றிக்கொண்டதற்கும் எவ்வளவு தூரம் என்று யோசித்தேன். அவளாவது அதை வாய்விட்டுச் சொன்னாள்.

பயிற்சியாளரைக் கூப்பிட்டேன். பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். எதைப் பார்த்தாய் என்றார். கையை, என்றேன். பிறகு தாய்லாந்து என்ன செய்வது என்று கேட்டார். போகிறேன் என்று மட்டும் சொன்னேன். அதில் வீரம் ஒன்றும் இல்லை. இப்போது விலகினால் அந்தக் கைதான் என் கடைசி ஆட்டமாக இருக்கும். அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

அன்று மாலை அம்மாவைக் கூப்பிட்டு ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டேன். அவளும் காரணம் எதுவும் கேட்கவில்லை. மஞ்சள் சேலைக்கு ரவிக்கை இருக்கிறதா, தோள் பிடிக்குமா என்று மட்டும் கேட்டாள். என் தோள் வளர்ந்ததிலிருந்து அவளுடைய ரவிக்கை எதுவும் எனக்குச் சேராது.

*

கோயில் இருந்த தோட்டம் இப்போது பாதி தொழிற்சாலை. மீதிப் பாதியில் எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. பால்குடம் எடுக்கிறவர்கள் எல்லாரும் சாலையோரத்துப் பிள்ளையார் கோயிலில் கூடி, அங்கிருந்து அம்மன் கோயிலுக்கு நடந்து போவார்கள். காலை வெயில் அதற்குள் ஏறியிருந்தது. தார்ச்சாலையில் வெறுங்கால் சுடாமலிருக்க முன்னால் ஒருவர் குழாய் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டே போனார். உறுமி மேளம் நெஞ்சுக்குள் அடித்தது. அப்பா ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்து வந்தார்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பி, டென்னிஸ் ஆடற பொண்ணுதான நீ என்று கேட்டாள். தலையில் குடம் இருந்ததால் என்னால் தலையாட்ட முடியவில்லை. அம்மா எனக்காகப் பதில் சொன்னாள். மெடல் கேட்டோம், அம்மன் கொடுத்துட்டா என்றாள். அந்தப் பெண் ஒரு கையால் தன் குடத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையை நெஞ்சில் வைத்து என்னைக் கும்பிட்டாள். உள்ளுக்குள் கூசிப்போனேன். தன் மகனுக்குக் கண் பார்வை திரும்பியதற்காக அவள் எடுத்த குடம் அது என்று பிறகுதான் தெரிந்தது.

பால்குடம் சிந்தாமல் நடப்பது எனக்குச் சிரமமில்லை. உடம்பை நேராக வைத்துக் காலை மட்டும் வேலை செய்ய விடுவது என் தொழில். அப்படியும் கோயில் வாசற்படி ஏறும்போது கொஞ்சம் தளும்பி நெற்றியில் வழிந்தது. இதையெல்லாம் செய்தால் மனதுக்குள் ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்தேனா தெரியவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. அமைதி கிடைக்கவில்லை. பாலை ஊற்றினார்கள். அது அம்மனின் முகத்தில் இறங்கி, கண்ணில் இறங்கி, கீழே தொட்டியில் விழுந்தது. அடுத்த குடம், அடுத்த குடம். எல்லாருடைய பாலும் ஒன்றாகக் கலந்து ஓடியது. யாருடையது எதற்கு என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் உண்டியலுக்குப் பக்கத்தில் அம்மா முடிச்சை அவிழ்த்தாள். ரொம்ப இறுக்கமாகக் கட்டியிருந்ததால் பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது. காசை உண்டியலில் போட்டாள். பிறகு கைப்பையைத் திறந்து இன்னொரு மஞ்சள் துணியை எடுத்தாள். முந்தின நாளே மஞ்சளில் நனைத்துக் காயவைத்திருக்கிறாள். உள்ளங்கையில் புதுக் காசு ஒன்றை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இப்பச் சொல்லு. ஒனக்கு என்ன கேக்கறது?"

நான் எதிர்பார்க்கவில்லை. அடுப்படியில் நான் போட்ட சத்தத்தை அவள் மறக்கவில்லை. இந்த முறை என்னையே கேட்டுவிட்டுக் கேட்பது என்று முடிவு செய்திருக்கிறாள்.

தங்கம் என்று சொல்ல வேண்டியதுதான். ஒரே சொல். அவளிடம் எந்தச் சொல் இல்லை என்று கத்தினேனோ அதே சொல். அது நாக்கு வரைக்கும் வந்து நின்றது. மஞ்சள் துணி, காசு, அம்மாவின் முகம், எல்லாம் காத்திருந்தன. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"செவ்வாக்கெழம தாய்லாந்து போறேம்மா," என்றேன்.

"அத ஒன் கோச்சுகிட்ட சொல்லு."

"சொல்லிட்டேன்."

"போறதுக்கு எதுக்கு வேண்டுதல்? டிக்கெட் எடுத்தா போயிறலாம். என்ன வேணும்னு கேட்டேன்."

பின்னாலிருந்து அப்பா, வெயில் ஏறுது, என்னத்தயாவது சீக்கிரம் கேளுங்க லா என்றார். எங்களுக்குப் பின்னால் உண்டியலுக்கு ஆட்கள் நின்றிருந்தார்கள். அம்மா இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். அவள் பொறுமையான பெண்தான்.

"சரி, போ. ஒனக்கு வரலன்னா விடு," என்றாள். "ஒங்கப்பா முதுகு இருக்கு."

காசைத் துணியில் வைத்துச் சுற்றி முடிந்தாள். கோபுரத்தை நோக்கி நின்று, கண்ணை மூடி, வாய்விட்டுச் சொன்னாள். மேளச் சத்தத்தில் அப்பாவின் முதுகு என்பது மட்டும் கேட்டது. எவ்வளவு கேட்டாள், முழுதாகக் குணமாக வேண்டும் என்றா, லோரி ஓட்டுகிற அளவுக்குப் போதும் என்றா, தெரியவில்லை. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். நெற்றியில் வழிந்த பால் புருவத்தின் மேல் காய்ந்து இறுகிக்கொண்டிருந்தது.